அழகரைப் பார்க்க அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அதில் ஒன்று நீர் மாத்திரை. இந்தச் சித்திரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தே தீருவேன் என்கிறார். அழைத்துப் போகலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் அழகர் வைகையில் இறங்கும் அந்த நேரத்துக்கு, அந்தக் கரைக்கு மட்டும் வேண்டாம். 2022-இல் அங்கே நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள். நெரிசல் சாவு என்றால் மிதிபட்டுச் சாவது என்றே நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. நாலு பக்கமும் நெருக்க, நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சு முட்டிப்போகிறது. கையைத் தூக்கி முகத்தைத் துடைக்க முடியாத அளவுக்குக் கூட்டம் சேர்ந்தால் இளவட்டங்களும் அங்கே நிற்கக் கூடாது. அழகர் மலைக்குத் திரும்பும்போதும், வழியில் அவரை நிறுத்திக் கும்பிடும் மண்டகப்படிகளில் நின்று நின்றுதான் போகிறார். ஊரைத் தாண்டிய ஒரு மண்டகப்படியில் அம்மா நிம்மதியாகக் கும்பிடலாம்.

நான் அதிகம் பயப்படுவது தண்ணீர் விஷயத்தில்தான். திருவிழா முகாமுக்கு மயங்கி வரும் பெண்களைக் கேட்டால், "ஒண்ணுக்குப் போக இடமில்ல டாக்டர், அதான் தண்ணி குடிக்கல" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். இது அவர்கள் தப்பே இல்லை. ஆனால் சிறுநீரை அதிகமாகப் பிரியவைக்கும் நீர் மாத்திரையைச் சாப்பிடுகிறவர் வெயிலில் வேர்த்துக்கொண்டு தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் பிரஷர் சட்டென்று இறங்கும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். அதனால் கழிப்பறை உள்ள சொந்தக்காரர் வீட்டுப் பக்கமாக இடம் பாருங்கள். அன்றைக்கு நீர் மாத்திரையை எப்போது போடுவது என்று அவருடைய டாக்டரிடம் முன்பே கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

விரதம் என்று வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு நிற்பதும் ஆபத்து, ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும். கை நடுக்கம், குப்பென்று வேர்வை, பேச்சில் குழப்பம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். உடம்பு அனலாகக் கொதித்து, உளறவும் ஆரம்பித்தால் அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும் வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

வேண்டுதல் என்றாலும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் தார் ரோட்டில் கால் வெந்து கொப்பளிப்பதுகூடத் தெரியாது.

அப்புறம், அவ்வளவு கூட்டத்தில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. மாத்திரைப் பெயர்களையும் உங்கள் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி அம்மாவின் சுருக்குப்பையில் வைத்துவிடுங்கள்.