சென்னையில் ஜியோகேஷிங்: பெட்டி இல்லாவிட்டாலும் ஜார்ஜ் டவுனுக்குக் கிளம்பலாம்

கேள்வி: சிங்கப்பூரில் தங்கை வீட்டுக்குப் போனபோது எல்லாரும் சேர்ந்து ஜியோகேஷிங் விளையாடினோம். ஊர் திரும்பியதிலிருந்து பிள்ளைகள் இருவரும் (ஆறாவது, எட்டாவது) இங்கேயும் போகலாம் என்று நச்சரிக்கிறார்கள். செயலியில் பார்த்தால் சென்னையில் ரொம்பக் குறைவாகத்தான் காட்டுகிறது, போய்த் தேடிய இடத்தில் பெட்டியும் இல்லை. பழைய மெட்ராஸின் வரலாற்றை இந்த விளையாட்டு மூலம் காட்ட முடியுமா? நாங்களே பெட்டி ஒளித்து வைக்கலாமா? (பெரம்பூர் வாசகி)

தாராளமாகக் காட்டலாம். ஆனால் பெட்டியை நம்பிக் கிளம்பாதீர்கள், நீங்களும் பெட்டி வைக்காதீர்கள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்துவிட்டு அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு அதன் எண்களை இணையத்தில் போட்டார், அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது.

சிங்கப்பூரில் நன்றாக நடப்பது இங்கே ஏன் தடுமாறுகிறது? டப்பா வைத்தவர் அதைத் தொடர்ந்து போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர் ஊரை விட்டுப் போய்விட்டால் மழையோ குப்பை வண்டியோ அதை எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் போகுமுன் கடைசியாக யார், எப்போது கண்டுபிடித்தார் என்பதைச் செயலியில் பாருங்கள். 'கிடைக்கவில்லை' என்று வரிசையாக இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இன்னொரு காரணம் பெரியது. தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், துறைமுகம், சென்ட்ரல் எல்லாம் இருக்கும் பகுதியில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு டப்பா போலீசைப் பொறுத்தவரை மர்மப் பொருள்தான். நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது என்பது விளையாட்டின் சொந்த விதியும்கூட.

அதனால் நான் சொல்வது பெட்டியில்லாத வழி. வரைபடத்தில் இன்று இல்லாத ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒரு மதில், ஒரு எல்லை, ஒரு பழைய கடற்கரை, இப்படி. அதில் மிச்சமிருக்கும் துண்டுகளை நீங்களே எண்களாகக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் நேரில் பார்த்தால் மட்டுமே பதில் தெரியும் ஒரு கேள்வியை வையுங்கள், அந்தப் பதிலிலிருந்து அடுத்த இடத்தின் எண் கிடைக்கட்டும். பல கட்டத் தேடல் என்று செயலியில் ஒரு வகை உண்டே, அதேதான், கடைசியில் டப்பா மட்டும் இருக்காது.

சென்னையில் முதல் முறைக்கு நான் சொல்வது பழைய கறுப்பர் நகரத்தின் எல்லை. பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலையில் ஒரு கல் தூண் இருக்கிறது, அங்கே ஆரம்பியுங்கள். பேருந்துக்கு ஓடுகிறவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே ஒட்டினாற்போல், இப்போது உயர் நீதிமன்றம் நிற்கிற பக்கமாக, ஒரு காலத்தில் நம் ஜனங்கள் நெருக்கமாக வாழ்ந்த ஊர் இருந்தது, அதைத்தான் ஆங்கிலேயர் கறுப்பர் நகரம் என்றார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1749இல் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது, 1758-59இல் மறுபடி முற்றுகை. வீடுகளின் மறைவில் எதிரி நெருங்கி வந்துவிடக் கூடாது, பீரங்கிக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்று இரண்டு தரப்புமே அந்த ஊரை இடித்துத் தள்ளியது. அந்த வெட்டவெளியின் எல்லை இதுதான், இதற்கு இந்தப்புறம்தான் வீடு கட்டலாம் என்று காட்ட 1773இல் ஆறு தூண்களை நட்டார்கள். மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். பிள்ளைகளை அதன் பக்கத்தில் நிற்கவைத்துத் தெற்கே திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள், எதிரே தெரியும் அத்தனையும் ஒரு காலத்தில் ஆட்களை வெளியேற்றிக் காலியாக்கிய நிலம்.

அந்த ஊரில் இருந்த பெருமாள் கோயிலும் இடிபட்டது. பிறகு பூக்கடைப் பக்கம் சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீஸ்வரர் என்று இரண்டு கோயில்களாக எழுந்தன, இன்றும் பூஜை நடக்கிறது. பாரிமுனையிலிருந்து நடந்தே போய்விடலாம். எனக்கு இந்தத் தடத்தில் மிகவும் பிடித்த இடம் இது, ஏனென்றால் காலி செய்யப்பட்ட ஒரு ஊர் தன் சாமியையும் கூட்டிக்கொண்டு இடம் மாறியதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

அப்புறம் மதில். ஊர் இடம் மாறி எழுந்த புதிய கறுப்பர் நகரத்துக்கு, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு, மேற்கிலும் வடக்கிலும் பெரிய மதில் கட்டினார்கள், செலவை ஊர்மக்களிடம் வரியாக வாங்க நினைத்தார்கள், அந்த வரி வசூலாகவே இல்லை. வால்டாக்ஸ் (மதில் வரி) சாலை என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. மதிலின் மிச்சத்தைப் பார்க்க வடக்கே பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடிப் பூங்காவுக்குப் போக வேண்டும், மதில் மேலேயே அமைத்த பூங்கா அது. நடுவில் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளை முழுத் தூரமும் நடக்கவைக்க வேண்டாம்.

இடையில் உயர் நீதிமன்ற மதிலில் எம்டன் கல்வெட்டைத் தேடச் சொல்லுங்கள், 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டதன் நினைவு. வளாகத்துக்குள்ளே 1844இல் கட்டிய கலங்கரை விளக்கத் தூண் இருக்கிறது, ஆனால் உள்ளே போகக் காவல் கெடுபிடி உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் போதும். கலங்கரை விளக்கமே தனியாக ஒரு நாள் தடம் ஆகும்: 1796இல் கோட்டைக்குள் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் விளக்கு, பிறகு இந்தத் தூண், 1894இல் நீதிமன்றக் கோபுரத்தின் மேல், 1977இல் மெரினா. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

சில நடைமுறைகள். கூகுள் மேப்ஸ் 13.0900 என்று தசமமாகக் காட்டும், ஜியோகேஷிங்கில் பாகை (டிகிரி), கலை (நிமிடம்) என்று எழுதுவார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60ஆல் பெருக்குங்கள், 0.09 × 60 = 5.4, ஆக 13° 05.400. எட்டாவது படிக்கும் பிள்ளையே இதைப் போடட்டும். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக 1.85 மீட்டர்தான் நகரும், ஆனால் ஜார்ஜ் டவுனின் ஒடுங்கிய தெருக்களில் சிக்னல் சுவர்களில் பட்டுத் தெறித்துப் போன் தாறுமாறாகக் காட்டும், அதனால் எண் தெருமுனை வரை கொண்டுவிட்டால் போதும், மீதியைக் கண்ணால் தேடும்படி கேள்வியை அமையுங்கள். முக்கியமாக, நீங்கள் முன்பே தனியாக ஒருமுறை போய்ப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்து எழுத்து மறைந்த கல்லிலிருந்து ஆண்டைக் கேட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். ஞாயிறு காலை சீக்கிரம் போனால் கூட்டம் குறைவு. கோட்டை, நீதிமன்றப் பக்கம் போனை நீட்டிக்கொண்டு சந்தேகம் வரும்படி சுற்ற வேண்டாம், காவலர் கேட்டால் என்ன செய்கிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு இந்த எண்களிலேயே ஆர்வம் வந்துவிட்டால் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்துக்கு முன்அனுமதி கேட்டுப் பாருங்கள். 1792இல் தொடங்கிய மெட்ராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் அங்கே இருக்கிறது, தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் எழுதியிருக்கிறார்கள். அந்த வானாய்வகத்தின் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்ட மெட்ராஸ் நேரத்தில்தான் ஒரு காலத்தில் இந்தியா முழுக்க ரயில்கள் ஓடின. பரங்கிமலை மேலே நில அளவையாளர் லாம்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. இந்தியாவை அளக்கும் பெரும்பணியின் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோட்டை, அவர் 1802 ஏப்ரல் 10 அன்று அளக்க ஆரம்பித்தது அந்த மலைப் பக்கத்தில்தான்.

செயலியில் உங்கள் பெயரில் ஏதாவது பதிய வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் எர்த்கேஷ் வகையைப் பாருங்கள். அதில் டப்பாவே கிடையாது, ஒரு இடத்தின் பாறையையோ மண்ணையோ பற்றிய பாடமும் கேள்விகளும்தான். பரங்கிமலையின் சார்னோகைட் பாறை இதற்குப் பொருத்தம், கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் இந்த வகை என்பதால் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார்கள். ஏற்கனவே யாராவது அதைப் பதிந்திருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் இடத்துக்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டு, அதன்பிறகு கேள்விகளை எழுத உட்காருங்கள்.