வாசகர் கேள்வி: கடல் தெரியும் வீடும் காலி வீதிக் கடைகளும்

கேள்வி: லண்டனில் இருக்கும் அண்ணா குடும்பம் ஆகஸ்டில் வருகிறது. கொழும்பு வெள்ளவத்தை மரைன் டிரைவில் கடல் தெரிகிற தொடர்மாடி வீடு ஒன்றைப் பத்து நாளுக்கு எடுத்திருக்கிறார்கள். முழங்கால் நோவுள்ள 74 வயது அம்மாவும் அவர்களோடு தங்கப்போகிறார். கடை, கோயில், மருந்து எல்லாம் நடந்து போகிற தூரமா? எதில் போய்வருவது? பிள்ளைகள் முன்னால் இருக்கிற கடலில் குளிக்கலாமா?
– வாசகி, வவுனியா

பதில்: கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன் சகோதரி. குளிக்க வேண்டாம். வீட்டைத் தாண்டினால் மரைன் டிரைவ், அதற்கப்பால் இரட்டைத் தண்டவாளம், அதற்கப்பால் கரையை அலை அரிக்காமல் கொட்டிய கருங்கற்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்; ஆகஸ்டில் கடல் குமுறிக்கொண்டுதான் இருக்கும். கல்கிசையில் நல்ல மணற்கரை உண்டு. இந்த மாதத்தில் அங்கும் கால் நனைப்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

கடலைவிட எனக்குப் பயம் தண்டவாளம்தான். பின்னேரத்தில் கற்களில் போய் இருந்து காற்று வாங்கச் சனம் அதைக் கடந்துதான் போகும். பிள்ளைகளும் பின்னால் ஓடும். அலை இரைகிற நாளில் ரயில் கிட்ட வரும்வரை காதில் விழாது. இரண்டு வருடத்துக்கு முன் என் பேரனின் கையைப் பிடித்தபடி நின்றேன். பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் எங்களைக் கடந்த உடனே அவன் காலை எடுத்து வைத்தான். அதன் மறைவில் அடுத்த பாதையால் கோட்டைக்குப் போகிற ரயில் வந்துகொண்டிருந்தது. நான் இழுத்த இழுப்பில் அவனுடைய செருப்பொன்று கழன்று தண்டவாளத்துக்கு நடுவே விழுந்தது. வந்த அன்றைக்கே பிள்ளைகளை இருத்திச் சொல்லுங்கள்: ஒரு ரயில் போனதும் கடக்கக்கூடாது, அது தூரப் போய் இரண்டு பக்கமும் வெளியாகத் தெரியும்வரை நிற்க வேண்டும்.

மற்றதெல்லாம் நல்ல சேதி. காலி வீதியும் மரைன் டிரைவும் பக்கம் பக்கமாக ஓட, நடுவில் ஏணிப்படிகள் போல ஸ்டேஷன் வீதி, சார்ல்மொன்ட் வீதி, ராமகிருஷ்ணா வீதி என்று குறுக்கு வீதிகள். வங்கி, பார்மசி, சந்தை எல்லாம் காலி வீதியில். எனக்கு ஐந்து நிமிட நடை. அம்மாவுக்குப் பத்து ஆகலாம். சந்தைக்குக் காலையிலேயே போனால் முருங்கைக்காய், வாழைப்பூ, பொன்னாங்காணி எல்லாம் வாடாமல் கிடைக்கும். இரவில் இடியப்பமும் சொதியும் சம்பலும் பார்சல் கட்டித் தருகிற கடைகள் நிறைய. கோயிலுக்கு மயூராபதி அம்மன், பம்பலப்பிட்டியில் கதிரேசன் கோயில், வஜிரா பிள்ளையார். அம்மா வழக்கமாகப் போடுகிற மாத்திரைகளின் பெயரை ஒரு தாளில் எழுதி அவருடைய கைப்பைக்குள் வையுங்கள். அவசரத்துக்கு 1990, அந்த அம்புலன்ஸ் இலவசம், அண்ணாவிடமும் சொல்லி வையுங்கள்.

காசு கட்டுமுன் ஒன்றைக் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்: எத்தனையாவது மாடி, ஜெனரேட்டர் எதற்கெல்லாம் வேலை செய்யும்? 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணி நேரம் மின்வெட்டு நடந்தபோது என் அக்கா ஒரு கடற்கரைத் தொடர்மாடியின் ஆறாம் மாடியில் இருந்தார். ஜெனரேட்டர் உண்டென்றுதான் உரிமையாளர் சொல்லியிருந்தார். அது படிக்கட்டு விளக்குகளுக்கு மட்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. லிஃப்டும் நின்றது, தண்ணீர் மோட்டாரும் நின்றது. அக்காவை நாற்காலியோடு தூக்கித்தான் இறக்கினோம். முழங்கால் நோவுள்ளவருக்குக் கடல் தெரிகிற எட்டாம் மாடியை விட, கடல் தெரியாத இரண்டாம் மாடியே மேல்.

போக்குவரத்துக்கு அம்மாவை ஆட்டோவில் ஏற்றுங்கள். பிக்மீ, ஊபர் ஆப் இரண்டிலும் பிடிக்கலாம். கட்டடத்தின் பெயரை மட்டும் சொன்னால் சாரதி சுற்றிக்கொண்டு நிற்பார். எந்தக் குறுக்கு வீதி, காலி வீதி முனையா மரைன் டிரைவ் முனையா என்று சேர்த்துச் சொல்லுங்கள். இளையவர்கள் புறக்கோட்டைக்குப் போக 100, 101 பஸ்களில் ஏறலாம், வழியில் காலிமுகத்திடலில் இறங்கலாம். முருகனின் ஆடிவேல் திருவிழாத் தேர் காலி வீதியால் வருகிற நாளில் மட்டும் எந்தப் பயணமும் வைக்காதீர்கள். அன்றைக்கு அம்மாவை வீதியோரம் ஒரு நாற்காலி போட்டு இருத்திவிடுங்கள். தேரை அவர் கிட்ட இருந்தே கும்பிடட்டும்.

கேள்வி: மகளுக்குக் கோட்டையில் காலை 9 மணிக்கு நேர்முகத் தேர்வு. முதல் நாள் இரவு வெள்ளவத்தையில் தங்குகிறோம். பஸ்ஸா, ரயிலா?
– வாசகர், திருகோணமலை

பதில்: ரயில்தான் ஐயா. காலையில் காலி வீதி ஊர்ந்துகொண்டிருக்கும். ஆனால் எட்டு மணி ரயிலில் வாசலில் தொங்கத்தான் இடம் இருக்கும், நேர்முகத் தேர்வுக்குச் சேலை கட்டிய பிள்ளைக்கு அது சரிவராது. ஏழு மணிக்கு முன்னரே ஸ்டேஷனில் நில்லுங்கள். பெட்டியின் படி உயரம், மகள் முதலில் ஏறட்டும், நீங்கள் பின்னால் ஏறுங்கள். கோட்டையில் இறங்கி ஆறுதலாக ஒரு தேநீர் குடிக்கவும் நேரம் இருக்கும்.