சுவரில் கிடைத்த காலணாக்கள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் தாத்தா கட்டிய வீட்டின் மண்சுவரை இடித்தபோது கொத்தனார் கையில் ஒரு தகர டப்பா சிக்கியது. உள்ளே நூற்றுக்கு மேல் காலணாக்கள். விக்டோரியா ராணி போட்ட செம்புக் காசு கொஞ்சம், 1912 முதல் ஆண்டு பொறித்த ஐந்தாம் ஜார்ஜ் வெண்கலக் காசு நிறைய, 1944 ஓட்டைக் காலணா இரண்டு. கொத்தனார் பாதி கேட்கிறார். ஒரு வியாபாரி, புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தால் அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடு (காசின் தரச் சான்று) வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் மண்ணுக்குள் இருந்ததை மட்டும் புதையல் என்று சொல்லவில்லை. மண்ணோடு சேர்ந்து நிற்கும் எதில் மறைத்து வைத்திருந்தாலும் புதையல்தான்; உங்கள் சுவரும் அதில் அடங்கும். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே, கண்டெடுத்தவர் கூடிய சீக்கிரம் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் அவருடைய பங்கு போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. அதற்கு நீங்கள் உடந்தையாக இருந்தால் உங்களுக்கும் ஆறு மாதம் வரை.

கொத்தனார் மேல் கோபப்படாதீர்கள். உரிமையாளர் இல்லாத புதையல் என்று கலெக்டர் அறிவித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால், இடத்துக்காரருக்குக் கால் என்பதுதான் சட்டம். டப்பாவை எடுத்தது தன் கை என்று அவர் வாதாடினால், பாதி கேட்பது குறைவாகக் கேட்பதாகத்தான் ஆகும்.

ஆனால் உங்கள் பக்கம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது: அந்த ஓட்டைக் காலணா. நடுவில் துளை போட்ட காசு 1943-இல்தான் வந்தது. உங்களுடையதில் 1944 என்றே இருக்கிறது. அப்படியென்றால் அந்த டப்பா அதற்கு முன் மூடப்பட்டிருக்க முடியாது. நூறு ஆண்டுக்குள் உங்கள் முன்னோர் மறைத்தது என்று கலெக்டர் நம்பினால், சிவில் கோர்ட்டில் உரிமையை நிலைநாட்ட உங்களுக்கு அவகாசம் கொடுப்பார். தாத்தாவின் வீட்டுப் பத்திரம், வரி ரசீது எல்லாம் அங்கே உதவும். அந்த இரண்டு காசையும் தனியாகப் பிரிக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். இருந்தாலும் என் கருத்தைக் கேட்டால், சாதாரண ஜார்ஜ் காலணாக்களுக்காக வழக்குப் போட்டால் செலவே மதிப்பைத் தாண்டும். கொத்தனாரோடு பாதிப் பாதி என்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். உங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தைச் சட்டம் ஏற்கிறது.

சரி, கிரேடு விஷயம். புளியும் வேண்டாம், பல்பொடியும் வேண்டாம். வெண்கலக் காசின் பழுப்பு நிறம்தான் அதன் மதிப்பு. தேய்த்தால் பளபளக்கும், ஆனால் மன்னர் கிரீடத்தின் நுண்ணிய வேலைப்பாடு மழுங்கிவிடும். தரம் பார்ப்பவர் ‘கழுவியது’ என்று எழுதி ஒதுக்கிவிடுவார். மலை ஈரத்தில் பச்சைக் களிம்பு சீக்கிரம் ஏறும். காசுகளை மலிவான பிளாஸ்டிக் உறையில் போடாமல் காகித உறையில் வையுங்கள்.

அமெரிக்காவுக்கு அனுப்புவது இன்னும் ஆபத்து. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். தனியார் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. கிரேடு வாங்கத்தானே அனுப்பினேன் என்பதை நம்பி இறங்காதீர்கள். விக்டோரியா காசும் 1912 காசும் இதில் நேராக மாட்டும். முன்பணம் கேட்ட அந்த வியாபாரிக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஆன்லைனில் அனுப்பியிருந்தால் இன்றே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

இந்த வாரமே நீங்களும் கொத்தனாரும் சேர்ந்து ஊட்டியில் கலெக்டருக்கு மனு கொடுங்கள். கிடைத்த தேதி, இடம், காசுகளின் எண்ணிக்கை, வகை எல்லாவற்றையும் எழுதி, டப்பாவோடு எடுத்த போட்டோவையும் சேருங்கள். காசுகளைக் கருவூலத்தில் ஒப்படைக்கலாம், அல்லது கேட்கும்போது காட்டுவதாக ஜாமீன் கொடுக்கலாம். ஒப்புகை ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.