அந்தமான் களப்பயணம்: கேட்டவையும் சொன்னவையும்

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். மூன்றாமாண்டு மாணவர்களை அந்தமானுக்குக் களப்பயணமாக இதுவரை ஒன்பது முறை அழைத்துப் போயிருக்கிறேன். இந்த ஆண்டு தங்கள் பிள்ளைகளை அனுப்பப்போகும் பெற்றோர், முதல்முறை கூட்டிப்போகும் ஆசிரியர்கள், போகவிருக்கும் மாணவர்கள் எனப் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு 2018-லும் போர்ட் பிளேருக்கு 2024-லும் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். டிக்கெட்டில் சுவராஜ் தீப், ஷாஹீத் தீப், ஸ்ரீ விஜயபுரம் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். இங்கே பழகிய பெயர்களிலேயே எழுதுகிறேன்.

விருதுநகர் ஆசிரியர் ஒருவர்: ஏழு நாள் பயணம், 40 மாணவர்கள். எந்த நாளில் எங்கே போவது என்று எப்படித் திட்டம் போடுவது?

ஊர்களின் பட்டியலைக் கடைசியாக எடுங்கள் சார். முதலில் கையில் இருக்க வேண்டியது ஓத அட்டவணை. இந்திய நில அளவைத் துறை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறது. கடல் எத்தனை மணிக்கு வற்றும், எவ்வளவு வற்றும் என்று நாள்வாரியாக அதில் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் நன்றாக உள்வாங்கும். அந்த நேரமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் வருத்தமானது. என் முதல் பயணத்தில் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர் போட்டுக் கொடுத்த திட்டப்படி நீல் தீவின் லக்ஷ்மண்பூர் கடற்கரைக்கு முற்பகல் பதினொரு மணிக்குப் போய் நின்றோம். அங்கே பாலம் போல வளைந்த ஓர் இயற்கைப் பாறை இருக்கிறது. கடல் வற்றும்போது அதைச் சுற்றியுள்ள பாறைக் குழிகள்தான் எங்களுக்குப் பாடசாலை. அன்றைக்குத் தண்ணீர் பாறையின் காலடி வரை ஏறி நின்றது. 38 பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். ஒரு நாள் போனது போனதுதான். அதன்பிறகு வற்றும் நேரத்தைக் குறித்துவிட்டுத்தான் படகையும் சாப்பாட்டையும் சுற்றி வைக்கிறேன்.

இன்னொன்று, வெயில் கணக்கு. அந்தமான் நமக்குக் கிழக்கே வெகு தூரம், கடிகாரம் மட்டும் ஒன்றுதான். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். அதனால் அதிகாலை நாலே முக்காலுக்கு எழுப்பிவிடுவேன். இரண்டு நாள் முணுமுணுப்பார்கள், மூன்றாம் நாள் தானாக எழுந்துவிடுவார்கள். இருட்டியபின் ஆறரையிலிருந்து எட்டு வரை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைய நோட்டை வாசிப்போம். ஒன்பதரைக்கு விளக்கு அணையும்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மா: என் மகளுக்கு நீச்சல் தெரியாது. மற்றவர்கள் கடலில் இறங்கும்போது அவள் மட்டும் கரையில் சும்மா உட்கார்ந்திருப்பாளே?

சும்மா உட்கார மாட்டாள் அம்மா. என் மாணவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டை போட்டு, வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் முகம் வைத்துப் பார்க்கலாம். அதுவும் பயமாக இருந்தால் அடியில் கண்ணாடி பதித்த படகு இருக்கிறது.

ஆனால் நான் உண்மையில் சொல்ல விரும்புவது வேறு. பிளாஸ்டிக் குழாயில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று செய்து, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி எடுத்துப் போகிறோம். அதைப் பாறைக் குழியின் மேல் வைத்துவிட்டு, ஒருவர் ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்து எழுத வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நீச்சல் தெரியாத ஒரு மாணவி தண்ணீரில் இறங்க மறுத்துவிட்டாள். சரி, இந்தக் குழி உன்னுடையது என்று விட்டேன். அவள் நோட்டின் அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் பிரதியாக இருக்கிறது. "5.52: ஒன்றும் இல்லை. மணல், பாசி, ஒரு கல், நாலு சங்கு. 6.03: ஒரு சங்கு நகர்ந்தது. உள்ளே துறவி நண்டு. 6.10: நான் கல் என்று எழுதியது கடல் அட்டை. 6.21: என் நிழல் விழுந்தால் நண்டு உள்ளே போகிறது, 14 எண்ணுவதற்குள் திரும்ப வருகிறது. 6.40: நாலு சங்கிலும் நண்டு இருக்கிறது." முதல் வரியில் ஒன்றும் இல்லை என்று எழுதிய அதே குழிதான். அன்று இரவு வட்டத்தில் அவள் வாசித்தபோது, பவளப்பாறையில் நீந்திவிட்டு வந்தவர்கள் எல்லாம் மறுநாள் தங்களுக்கும் ஒரு குழி வேண்டும் என்றார்கள்.

மகளிடம் பென்சில் கொடுத்து அனுப்புங்கள். ஈரம் பட்டால் பேனா மை கரைந்துவிடும்.

மூன்றாமாண்டு மாணவர், நாகர்கோவில்: கப்பலில் போவதா, விமானமா?

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினால் ஏறக்குறைய மூன்று நாள், விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கப்பல் மாதத்தில் சில முறைதான், தேதியும் மாறும். அதனால் திரும்பி வருவதற்குக் கப்பலை நம்பாதீர்கள். போகும்போது முடிந்தால் கப்பலில் போங்கள் தம்பி. இரண்டாம் நாள் காலை தளத்தில் நின்றால் கப்பலின் அலை விலகும் இடத்திலிருந்து பறவைக் கோலா மீன்கள் கூட்டமாகக் கிளம்பி நீருக்கு மேல் வழுக்கிப்போவதைப் பார்க்கலாம். சந்தையில் கூடையில் கிடந்த மீனை மட்டுமே பார்த்த பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். தவிர, இந்தத் தீவுகளின் பறவைகளும் பல்லிகளும் ஏன் வேறு எங்கும் இல்லாதவையாக மாறின என்று நான் வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்வதை, கரையே தெரியாத மூன்று நாள் சொல்லிவிடும்.

கடல் பயணத்தில் வாந்தி?

வரும். மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கி, படகு ஏறுவதற்கு முன்பே போடுங்கள். வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை. வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். திறந்த இடத்தில் நின்று அடிவானத்தைப் பாருங்கள், கைப்பேசியைப் பார்க்காதீர்கள்.

சேலத்திலிருந்து ஒரு மாணவி: பாராடங் தீவுக்குப் போகும் வழியில் ஜாரவா பழங்குடி மக்களைப் பார்க்கலாமாமே?

இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. பார்க்கப் போகும் இடமல்ல அது என்பதுதான் என் பதில். பாராடங்கின் சுண்ணாம்புக் குகைக்கும் சேற்று எரிமலைக்கும் போகிற அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா காப்பகத்தின் ஊடே போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகளை வரிசையாக, காவலோடு அனுப்புவார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது. அவர்களைப் பாதுகாக்க 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. வெளியாட்களின் நோய்க்கு அவர்கள் உடலில் எதிர்ப்பு குறைவு. 1999-ல் தட்டம்மை பரவி அவர்களில் பலர் படுத்துவிட்டார்கள். ஒருவர் வீட்டு வாசல் வழியாகத் தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டே போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாரம்மா.

நான் இரண்டு முறை அந்தச் சாலையில் மாணவர்களோடு போனேன். இரண்டாம் முறை வண்டிக்குள் பிள்ளைகள் ஜன்னலோரம் இடம்பிடிக்கத் தள்ளிக்கொண்டதைப் பார்த்தபின் நிறுத்திவிட்டேன். அந்த நாளைச் சிடியா டாப்புவில் செலவிடுகிறோம். காட்டுப் பறவைகளுக்கு அதுபோல ஓர் இடம் அருகில் இல்லை.

கோவை மாணவர்: ஜாலிபாய் தீவின் படங்களில் பவளம் வெள்ளையாக இருக்கிறது. செத்துவிட்டதா?

வெளுத்ததெல்லாம் செத்தது இல்லை. பவளம் என்பது குட்டிக் குட்டி விலங்குகளின் குடியிருப்பு. அவற்றின் திசுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன, நிறமும் பெரும்பகுதி உணவும் அந்தப் பாசி கொடுப்பது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் பாசியை வெளியேற்றிவிடும். அப்போது மேலே கண்ணாடி போன்ற திசு, அடியில் சுண்ணாம்பு, அதனால்தான் வெள்ளை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், பவளமும் தேறும். நீண்டால் பட்டினியில் செத்து, மேலே பச்சையும் பழுப்புமாகப் பூசணம் பிடித்தாற்போல வேறு பாசி படியும். அந்தமானில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய வெளுப்பு வந்தது. 2010-ல் அடி பலம். அதனால் அங்கே வெள்ளை, பழுப்பு, உயிருள்ளது என மூன்றையும் தனித்தனியாக எண்ணி எழுதச் சொல்கிறேன். உடைந்து சிதறிய துண்டுகளையும் சேர்த்து.

ஜாலிபாய் வண்டூரிலிருந்து போகும் தேசியப் பூங்காவின் தீவு. ஆண்டில் சில மாதம்தான் திறந்திருக்கும், மற்ற மாதங்களில் பக்கத்தில் உள்ள ரெட்ஸ்கின் தீவு. கரையில் பையைச் சோதித்து பிளாஸ்டிக்கை எடுத்துவிடுவார்கள், கடை எதுவும் கிடையாது. எவர்சில்வர் பாட்டிலும் டப்பாச் சாப்பாடும் கொண்டு போங்கள். வெயிலுக்குக் கிரீம் பூசுவதைவிட முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குவது நல்லது, சில கிரீம்களில் உள்ள வேதிப்பொருள் பவளத்துக்கு ஆகாது.

ஒரு பெற்றோர்: தம்பிக்குச் சங்கு, பவளத் துண்டு கொண்டுவரச் சொல்லலாமா?

வேண்டாம். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. கரையில் ஒதுங்கிய துண்டானாலும் விமான நிலையச் சோதனையில் பிடிப்பார்கள். அழகாக இருக்கிறதே என்று கூம்பு நத்தையைக் கையில் எடுத்தால் அதன் விஷம் உயிரையே எடுத்துவிடக்கூடும். காலிச் சங்கும் துறவி நண்டுக்கு வீடு. நீல் தீவில் சில வழிகாட்டிகள் கடல் அட்டையை எடுத்துக் கையில் கொடுப்பார்கள், தொடச் சொல்வார்கள். நாங்கள் முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிடுவோம், அண்ணா, இருக்கிற இடத்திலேயே காட்டுங்கள் போதும் என்று.

பெயர் வேண்டாம் என்ற மாணவி: மாதவிடாய் நாளில் கடலில் இறங்கலாமா?

இறங்கலாம். மாதவிடாய்க் கோப்பை பயன்படுத்திப் பழகியிருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. புதிதாக அங்கே போய் முயற்சி செய்யாதே, வீட்டிலேயே இரண்டு மாதம் பழகிக்கொள். விருப்பம் இல்லையென்றால் காரணம் சொல்லாமல் கரைவேலை எடுத்துக்கொள்ளலாம், எங்கள் பயணத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். சின்னத் தீவுகளில் கழிப்பறை வசதி குறைவு, பயன்படுத்தியதைத் திரும்ப எடுத்துவர மூடியுள்ள டப்பா வைத்துக்கொள். உடன் வரும் ஆசிரியர்களில் ஒரு பெண்ணாவது இருக்கிறாரா என்று புறப்படும் முன்பே கேட்க உனக்கு உரிமை உண்டு.

சாப்பாடு, மொழி, போன்?

போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறையப் பேர். அபர்டீன் பஜார் பக்கம் இட்லியும் சாம்பாரும் கிடைக்கும், தமிழே போதும். சென்னையிலிருந்து கடலடி இணையக் கம்பி 2020 ஆகஸ்டில் வந்தபின் போன் பரவாயில்லை. தீவுகளில் விட்டுவிட்டு வரும்.

வரலாற்றுத் துறை மாணவர், மதுரை: எங்களையும் சேர்த்துக்கொண்டால் என்ன பார்க்கலாம்?

செல்லுலார் சிறைக்கு முழுக் காலை ஒதுக்குங்கள். 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தது. ஏழு கிளைகளில் மூன்றுதான் இன்று நிற்கின்றன. ஓர் அறைக்குள் நின்று கதவுக்கு வெளியே கையை நீட்டிப் பாருங்கள். தாழ்ப்பாள் கதவில் இல்லை, சுவரில் ஒரு முழம் தள்ளி ஒரு பள்ளத்துக்குள் விழுகிறது. எவ்வளவு நீட்டினாலும் விரல் எட்டாது. ஒரு கிளையின் அறை வாசல்கள் அடுத்த கிளையின் முதுகைத்தான் பார்க்கும், கைதிகள் ஒருவரை ஒருவர் பார்த்துவிடாதபடி.

அப்புறம் சிப்பிகாட். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் தாழ்ந்து, அங்கே வயல்கள் உப்புநீருக்குள் போயின. இன்று அங்கே நீர்ப்பறவைகள் மேய்கின்றன. அதே நேரம் வடக்கு அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து பவளப்பாறைகள் காற்றில் வெளிவந்து செத்தன. ஒரே காலையில் நடந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கடலூர் ஆசிரியை: பிச்சாவரம் பக்கத்திலேயே இருக்க, அலையாத்திக் காட்டுக்கு அந்தமான் எதற்கு? பணம் கட்ட முடியாத பிள்ளைகள் இருக்கிறார்களே.

நியாயமான கேள்வி மேடம். பிச்சாவரத்தைப் பார்க்காத பிள்ளையை நான் அந்தமானுக்கு அழைத்துப் போவதில்லை. சுரபுன்னையின் முட்டு வேர், வெண்கண்டலின் மூச்சு வேர், மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும் நாற்று, சேற்றில் தத்தும் உளுவை, எல்லாவற்றையும் அங்கேயே காட்டிவிடலாம். அந்தமானில் கூடுதலாகக் கிடைப்பது வகைகள். பிச்சாவரத்தில் பத்துப் பன்னிரண்டு வகை, அங்கே முப்பதுக்கும் மேல். உயரமும் அதிகம். பவளத்துக்கு நமக்கு மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன. இரண்டு ஆண்டு எங்கள் வகுப்பில் பாதிப் பேரால் பணம் கட்ட முடியவில்லை. கட்ட முடிந்தவர்களை மட்டும் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. மொத்த வகுப்பும் ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் என்ற ஊருக்குப் போனோம், அதே சதுரச் சட்டம், அதே நோட்டு. அந்த இரண்டு ஆண்டின் நோட்டுகள் எதற்கும் குறைந்தவை அல்ல.

அடுத்த பயணம் எப்போது?

பிப்ரவரியில், பௌர்ணமியை ஒட்டி. துல்லியமான தேதியை ஓத அட்டவணை கைக்கு வந்ததும் சொல்கிறேன். நீல் தீவில் விடிந்தபின் கடல் வற்றும் மூன்று நாள் கிடைக்க வேண்டும்.