குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு யாரைச் சாட்சியாக எழுதுவது?

கேள்வி: எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இரண்டு வயது மகளுக்கு முதன்முறையாகப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. கணவருடையது கல்யாணத்துக்கு முன்பு எடுத்தது. விண்ணப்பத்தில் ரெஃபரன்ஸ் என்று இரண்டு பேரைக் கேட்கிறார்கள். கெஜட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறார் பிரவுசிங் சென்டர்காரர். லண்டனில் இருக்கும் நாத்தனாரோ டாக்டர், டீச்சர் மாதிரி யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். அப்படிப்பட்ட பெரிய மனிதர் யாரையும் எங்களுக்குத் தெரியாது. ஆதாரில் மாமியார் வீட்டு முகவரிதான் இருக்கிறது. பிரசவத்துக்கு வந்ததிலிருந்து நானும் குழந்தையும் பாபநாசத்தில் அம்மா வீட்டில் இருக்கிறோம். யார் பெயரைக் கொடுப்பது?

பதில்: பெரிய மனிதர் யாரும் வேண்டாம் சகோதரி. குழந்தைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் பெற்றோராகிய நீங்கள் இருவர்தான். படிவத்தில் கேட்கும் மற்ற இரண்டு பேர், குழந்தை அந்த வீட்டில்தான் வளர்கிறது என்று விசாரிக்க வரும் காவலரிடம் சொல்லக்கூடிய அக்கம்பக்கத்தார். அவர்களுடைய பதவி, படிப்பு, சொத்து எதையும் யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் நாத்தனார் சொல்வது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் விதி. அங்கே குழந்தையின் முதல் பாஸ்போர்ட்டுக்கு ஒருவர் சாட்சிக் கையெழுத்து இட வேண்டும். விண்ணப்பிக்கும் பெற்றோரை அவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது தெரிந்திருக்க வேண்டும். உறவினராகவோ ஒரே வீட்டில் வசிப்பவராகவோ இருக்கக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட தொழிலில் இருப்பவராகவோ நற்பெயர் உள்ளவராகவோ இருக்க வேண்டும். உங்கள் மகள் எடுப்பது இந்திய பாஸ்போர்ட். அந்த விதிக்கு இங்கே வேலையே இல்லை.

பச்சை மைக் கதை பழைய நடைமுறையின் மிச்சம். முன்பு தட்கல் எனப்படும் அவசரப் பாஸ்போர்ட்டுக்கு உயர் அதிகாரி ஒருவரின் சரிபார்ப்புச் சான்றிதழ் கேட்டார்கள். உறுதிமொழிகளை நோட்டரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் செய்ய வேண்டியிருந்தது. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் இந்த நோட்டரி, மாஜிஸ்திரேட் தேவையை எடுத்துவிட்டது. இப்போது அனெக்சர் எனப்படும் உறுதிமொழிகள் எல்லாமே வெள்ளைத்தாளில் நீங்களே எழுதிக் கையெழுத்திடுபவை. இதற்காக முத்திரைத்தாள் வாங்கச் சொன்னாலோ நோட்டரிக்குப் பணம் கேட்டாலோ கொடுக்காதீர்கள். கவுன்சிலர் லெட்டர்பேடும் கேட்கப்படுவதில்லை.

உங்கள் விஷயத்தில் அக்கம்பக்கத்தார் ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தாய், தந்தை இருவரிடமும் நடப்பு பாஸ்போர்ட் இருந்து, இரண்டிலும் துணையின் பெயர் ஏறியிருந்தால், குழந்தையின் பாஸ்போர்ட் பெரும்பாலும் காவல்துறைச் சரிபார்ப்பு இல்லாமலே வந்துவிடும். உங்களிடம் பாஸ்போர்ட் இல்லை, கணவருடையதில் உங்கள் பெயர் இருக்காது. ஆகவே ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவார் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள்.

அதனால் சாட்சி யார் என்று தேடுவதற்கு முன் முகவரி எது என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான சிக்கல் இங்கேதான் வருகிறது. நீடாமங்கலம் திருவாரூர் மாவட்டம், பாபநாசம் தஞ்சாவூர் மாவட்டம். இரண்டும் திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் இருந்தாலும் விசாரணை மாவட்டக் காவல்துறை வழியாகத்தான் போகும். ஆதாரில் இருக்கிறதே என்று மாமியார் வீட்டு முகவரியைப் போட்டுவிட்டு நீங்கள் பாபநாசத்தில் இருந்தால் என்ன ஆகும்? நீடாமங்கலம் ஸ்டேஷன் காவலர் வீட்டுக்கு வருவார். பக்கத்து வீட்டு அம்மா உள்ளதை உள்ளபடி, ‘அவங்க அம்மா வீட்டுக்குப் போயி ரெண்டு வருஷமாச்சே’ என்பார். ‘குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை’ என்று அறிக்கை போய்விடும். அந்த அம்மா மீது தப்பே இல்லை.

எனவே உண்மையில் எங்கே வசிக்கிறீர்களோ அந்த முகவரியையே எழுதுங்கள். பாபநாசத்தில்தான் இன்னும் பல மாதம் இருக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் உங்கள் ஆதார் முகவரியை மாற்றுங்கள். உங்கள் பெயரில் கரண்ட் பில், கேஸ் புத்தகம் எதுவும் அம்மா வீட்டில் இருக்காது. அதற்கும் வழி உண்டு. குடும்பத் தலைவரின் ஆதாரை அடிப்படையாக வைத்து முகவரி மாற்றும் வசதி மைஆதார் தளத்தில் இருக்கிறது. அப்பாவின் ஆதார் எண்ணையும், அவர் மகள் நீங்கள் என்பதற்கான ஆவணத்தையும் கொடுத்தால், அவருடைய கைபேசிக்குத் தகவல் போகும். 30 நாளுக்குள் அவர் தளத்தில் நுழைந்து சம்மதம் தர வேண்டும். அதைத் தவறவிட்டால் கோரிக்கை முடிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே அப்பாவின் ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இப்போதும் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரமே மாமியார் வீட்டுக்குத் திரும்பப் போகிறீர்கள் என்றால், திரும்பி வந்து குடியிருந்தபடி அங்கிருந்து விண்ணப்பிப்பதுதான் எளிது.

வசிக்காத முகவரியை வசிப்பதாக எழுதுவது சின்ன விஷயம் இல்லை. பாஸ்போர்ட் பெறுவதற்காகத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாட்சி சொல்பவரையும் அதில் இழுத்துவிடாதீர்கள்.

இனி அந்த இரண்டு பேர். முகவரி பாபநாசம் என்றால் இருவரும் பாபநாசத்தில், முடிந்தால் அதே தெருவில் இருப்பவர்களாக இருக்கட்டும். நீடாமங்கலத்தில் உங்களை நன்றாகத் தெரிந்த வாத்தியார் இருந்தாலும் இந்த விசாரணைக்கு அவர் உதவ மாட்டார். சொந்தக்காரர்களைத் தவிருங்கள். ஒரே வீட்டின் கணவன் மனைவியை இரண்டு பெயராகக் கொடுக்காதீர்கள். பகலில் ஊரிலேயே இருப்பவராகப் பாருங்கள். தெருமுனை மளிகைக் கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், எதிர்வீட்டுப் பாட்டி எல்லோருமே பொருத்தமானவர்கள்தான். நடவு, அறுவடை நாட்களில் விடியற்காலை வயலுக்குப் போய் இருட்டிய பிறகு வருபவரை இரண்டு பெயரில் ஒன்றாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் கடையிலோ வீட்டிலோ இருப்பவராக இருக்கட்டும். திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட்டு தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் வருபவர் வேண்டாம். வேலித் தகராறு, வாய்க்கால் தகராறு உள்ள வீடும் வேண்டாம்.

பெயரைக் கொடுக்கும் முன் நேரில் போய்ச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பாதி கெடுகிறது. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை இன்று யாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும் ‘போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேசுறோம்’ என்றதும், எதற்கு வம்பு என்று ‘எனக்கு யாரையும் தெரியாது’ என்று வைத்துவிடுவார்கள். இது குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கான விசாரணை, கடனுக்கு ஜாமீன் போடுவது போன்றதல்ல, பின்னால் எந்தப் பணப் பொறுப்பும் வராது என்று விளக்குங்கள். ஓ.டி.பி., வங்கி எண் எதையும் காவலர் கேட்க மாட்டார், கேட்டால் அது மோசடி அழைப்பு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் குழந்தையின் பெயர். சான்றிதழில் ‘யாழினி’ என்று இருக்கும், தெருவுக்கே அவள் ‘அம்மு’. காவலர் வந்து யாழினியைத் தெரியுமா என்றால் எதிர்வீட்டுப் பாட்டி உதட்டைப் பிதுக்குவார். சான்றிதழில் உள்ள பெயர், பிறந்த தேதி, உங்கள் இருவரின் முழுப்பெயர், கணவர் எந்த நாட்டில் இருக்கிறார், நீங்கள் எப்போதிலிருந்து இங்கே இருக்கிறீர்கள் என்ற ஐந்து விவரத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். உண்மையில் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னாலே போதும்.

படிவத்தில் அவர்கள் பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். முகவரியில் கதவு எண், தெரு, கிராமம், அஞ்சலகம், பின்கோடு எல்லாம் வேண்டும். நம் பகுதியில் கீழத்தெருவும் வடக்குத்தெருவும் இல்லாத ஊர் கிடையாது. ‘கீழத்தெரு, பாபநாசம் தாலுகா’ என்று மட்டும் எழுதினால் வருபவர் எந்தக் கீழத்தெருவைத் தேடுவார்? ஊராட்சியின் பெயரையும் குக்கிராமத்தின் பெயரையும் சேருங்கள். பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டும் புழக்கத்தில் இருந்தால் ஆவணத்தில் உள்ளதை எழுதி, பக்கத்தில் இருக்கும் கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ அடையாளமாகக் குறிப்பிடுங்கள். காவல் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் தாலுகா தலைநகர் ஸ்டேஷன்தான் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கிராமம் எந்த ஸ்டேஷன் எல்லை என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மயிலாடுதுறைப் பக்கத்தார் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2020-இல் அது நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டது. பழைய அட்டைகளில் நாகை மாவட்டம் என்றே இருக்கும். படிவத்தில் இன்றைய மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது கணவரின் சம்மதம். அயலார் இரண்டு பேரைவிட இதற்குத்தான் நாள் பிடிக்கும். பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் உறுதிமொழி அனெக்சர் டி. குழந்தை இந்தியக் குடிமகள், அவளுடைய செலவுக்கு நாங்கள் பொறுப்பு என்பதெல்லாம் அதில் வரும். கணவர் இரண்டொரு மாதத்தில் லீவில் வருகிறார் என்றால் காத்திருந்து, இருவரும் ஒரே தாளில் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு போவதே நல்லது என்பது எங்கள் கருத்து. அதுவரை ஆதார் வேலையை முடித்துக்கொள்ளலாம். வர முடியாது என்றால், சிங்கப்பூரில் உள்ள இந்திய ஹை கமிஷனின் சான்றொப்பத்துடன் அவர் ஒரு பிரமாண வாக்குமூலம் அனுப்ப வேண்டும். அதன் அசல் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்செடுத்துக் கவுன்ட்டரில் நீட்டிப் பயனில்லை. ஒருவரின் சம்மதம் கிடைக்காதபோது மற்றவர் காரணத்தை எழுதிக் கொடுப்பது அனெக்சர் சி. அது பிரிந்து வாழ்பவர்கள், துணை எங்கே என்றே தெரியாதவர்கள் போன்றவர்களுக்கும் பயன்படுவது. பாஸ்போர்ட் சேவா தளத்தில் ‘டாக்குமென்ட் அட்வைசர்’ என்ற பகுதி இருக்கிறது. அதில் மைனர், தந்தை வெளிநாட்டில் என்று உங்கள் நிலையைக் குறித்தால் எந்தெந்தத் தாள் என்று பட்டியல் வரும். அதை அச்செடுத்து, அதன்படியே அடுக்குங்கள்.

மற்றவை சுருக்கமாக. 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். அதில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ‘பெண் குழந்தை’ என்று மட்டும் வாங்கி வைத்தவர்கள் ஏராளம். பெயர் சேர்க்கப் பிறந்த இடத்தின் பதிவாளரிடம்தான் போக வேண்டும். கும்பகோணத்தில் பிரசவம் என்றால் கும்பகோணம் மாநகராட்சி. பிறந்த ஊர் என்ற கட்டத்திலும் சான்றிதழில் உள்ள ஊரே வர வேண்டும், வசிக்கும் ஊர் அல்ல. இனிஷியல் செல்லாது, தந்தை பெயரை விரித்து எழுதுங்கள், அந்த எழுத்துகள் கணவரின் பாஸ்போர்ட்டில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்பதால் வெள்ளைப் பின்னணியில் 4.5 x 3.5 சென்டிமீட்டர் அளவில் போட்டோ கொண்டு போங்கள். 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புதிய பாஸ்போர்ட் கட்டணம் 10 சதவீதம் குறைவு, 900 ரூபாய். விண்ணப்பத்தை நேரில் வாங்கிப் பார்க்கும் பாஸ்போர்ட் சேவா கேந்திரம் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ நேரம் பதிவு செய்யலாம். குழந்தையும் நேரில் வர வேண்டும். நகல்களில் குழந்தைக்குப் பதில் நீங்கள் கையெழுத்திடுவீர்கள்.

சேவா கேந்திரத்துக்குப் போய் வந்த நாளிலிருந்து ஊரிலேயே இருங்கள். சாட்சிகள் இருவரிடமும் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லி, அவர்களுடைய ஆதார் நகலைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சில ஸ்டேஷன்களில் கேட்பார்கள். விசாரணைக்குத் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. படிவத்தில் எழுதிய ஒருவர் அந்த நேரம் ஆஸ்பத்திரியிலோ வெளியூரிலோ இருந்தால் பதற வேண்டாம். வருகிற காவலரிடம் சொல்லி, அதே தெருவில் வேறொருவரைக் காட்டலாம். அதையும் மீறிப் பாதகமான அறிக்கை போய்விட்டால் விண்ணப்பம் அதோடு முடிந்துவிடாது. பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு, வசிப்பிட ஆதாரத்தை இணைத்து, மறுசரிபார்ப்பு கேட்டு திருச்சி மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்திலேயே புதிய சாட்சிகளின் பெயரையும் கைபேசி எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.