அலுமினியம் துருப்பிடிப்பதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் இரண்டாம் உலகப்போர்க்கால ஹாலிபாக்ஸ் குண்டுவீச்சு விமானமொன்றைத் துருப்பிடித்த எலும்புக்கூடாகவே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டேட்டனில் ‘மெம்பிஸ் பெல்’ என்ற அதே போர்க்காலக் குண்டுவீச்சு விமானம் புத்தம்புதிதாக நிற்கிறது. உயிர்நீத்தவர்களுக்கு எது மரியாதை? ஹெண்டன்காரர்களிடம் பணமில்லையா, மனமில்லையா?

ம.

அன்புள்ள ம.,

அலுமினியம் துருப்பிடிக்காது, அரித்துப் பொடியாகும். நேரில் பார்த்துவிட்டு வந்தவர் இப்படி எழுதலாமா? அந்த ஹாலிபாக்ஸில் எவரும் உயிர்நீக்கவுமில்லை. 1942 ஏப்ரல் 27 அன்று, நார்வேயில் நின்ற ஜெர்மானிய டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கப் போய், அடிபட்டு, உறைந்த ஏரியின் மேல் இறங்கிய அதிலிருந்து ஒருவர் தவிர மற்றவர்கள் சுவீடனுக்குத் தப்பினார்கள். கணுக்கால் முறிந்த அந்த ஒருவர் சிறைப்பட்டார். பனிக்கட்டி உடைந்து மூழ்கிய விமானத்தை 1973இல்தான் மேலே கொண்டுவந்தார்கள். பணத்தைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஆனால் முகமறியாத அந்த இளைஞர்களுக்காக நீங்கள் கலங்கியது பொய்யல்ல என்பதை அறிவேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சில மாதங்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது வண்ணப்பூச்சுதான். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் ‘பிளாக் பெய்ட்’ என்ற பி-26 மராடர் வகைக் குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட தாக்குதல்களுக்குப் போய்த் திரும்பிய அதன் மூக்கருகே, போய்வந்த கணக்கைக் குண்டு குண்டாக வரைந்து வைத்திருக்கிறார்கள். உடலெங்கும் சிதறல்கள் துளைத்த இடங்களில் தகட்டு ஒட்டுகள். அதற்குப் புதுவண்ணம் பூசாமல், வெளிறி உரிந்த போர்க்கால வண்ணத்தையே சுத்தம் செய்து காக்கிறார்கள். புதுப்பிக்க வேண்டுமென்றால் நம் பேரப்பிள்ளைகளும் புதுப்பித்துக்கொள்ளலாம். சுரண்டியெடுத்த வண்ணத்தை எந்தப் பேரன் திரும்பப் பூசுவான்? அதே சாயத்தைக் குழைத்து அதே குண்டை வரைந்தாலும், அன்று திரும்பி வந்தவுடன் வரைந்தவனின் கை அதில் இராது.

மெம்பிஸ் பெல்லைக் குறைசொல்ல மாட்டேன். பல காலம் வெயிலிலும் மழையிலும் நின்று, கண்டவர்கள் கழற்றிக்கொண்டு போனதுபோக மிஞ்சியதைத்தான் 2005இல் டேட்டனுக்குக் கொண்டுவந்து, 2018இல் காட்சிக்கு வைத்தார்கள். பழைய வண்ணத்தை உரித்தபோது, 1943இல் போர்ப்பத்திரம் (போர்ச்செலவுக்கான அரசுக் கடன்பத்திரம்) விற்க ஊர் ஊராகப் போன விமானத்தின் தகட்டில் மக்கள் கீறிய பெயர்கள் வெளிப்பட்டன. உரிக்காவிட்டால் அவை தெரிந்திராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கீறியது தங்கும், பூசியது தங்காது. என் தாத்தா பர்மாப் போர்முனையிலிருந்து கொண்டுவந்த இரும்புப் பெட்டியின் மூடியில் அவருடைய படையெண் வெள்ளையெழுத்தில் இருந்தது. அத்தையின் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அந்தப் பெட்டிக்கும் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். தாத்தா போனபின், ஓய்வூதிய மனுவில் அந்த எண்ணை எழுதச் சொன்னார்கள், பாட்டிக்குத் தெரியவில்லை. பெட்டி இன்று என்னிடம் இருக்கிறது. மூடியின் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தேன். உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்த பிறகே பச்சையை அடித்திருக்கிறார்கள்.