மாமியாரின் சிலிப்பர் அங்கே தேயுமா?

கேள்வி: பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் பதினெட்டு வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்குக் கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கிற பத்து காவானில் தொழிற்சாலை வேலை. "பாலம் தாண்டியே பாதி ஆயுள் போகுது, அங்கேயே வீடு வாங்கிடலாம்" என்கிறார். எனக்குத் தீவிலேயே பாயான் லெப்பாஸில் ஆபீஸ் வேலை. மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. 72 வயது மாமியாரோ, "அந்த அமைதி எனக்கு வேணாம்" என்று சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறார். அமைதியாக வளர்கிற ஊர் நல்லதுதானே? அவருக்கு எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்: அன்புச் சகோதரி, மாமியார் வீம்புக்குச் சொல்லவில்லை. என் அம்மாவோடு இதை நான் அனுபவித்திருக்கிறேன். தீவிலுள்ள ஜார்ஜ்டவுனை விட்டு, பெருநிலத்தில் சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு புதுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிபோனோம். பழைய வீட்டில் அம்மாவின் ரப்பர் சிலிப்பர் மூன்று நான்கு மாதத்தில் குதிகால் பக்கம் தேய்ந்து தரை தெரியும். காலையில் மார்க்கெட், அப்புறம் பூக்கடை, சாயங்காலம் கோயில் என்று நடந்துகொண்டே இருப்பார். புது வீட்டில் ஒரு வருஷம் கழித்து அதைக் கழுவ எடுத்தேன். அடியில் கோடுகள் வாங்கின அன்று இருந்தது போலவே இருந்தன. கேட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, போகிற கார்களை எண்ணிக்கொண்டிருந்தார் அம்மா. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஊரைக் குறை சொல்லவில்லை. பத்து காவான் ஒரு காலத்தில் முழுக்கத் தோட்டம். கரும்பு, ரப்பர், பிறகு செம்பனை என்று நம் ஆட்கள் பாடுபட்ட மண். 2014 மார்ச்சில் 24 கிலோமீட்டர் நீள இரண்டாம் பாலம் திறந்த பிறகு அதன் முகமே மாறியது. தொழிற்சாலைகள் பெருகின, 2019-இல் இக்கியா மரச்சாமான் கடை வந்தது. ஆனாலும் வாரநாளில் காலை வேலைக்குப் போகிற கார்கள் ஓய்ந்துவிட்டால், தாமானுக்குள் மதியம்வரை குருவிச் சத்தம்தான். உங்கள் மகனுக்கு சைக்கிள் ஓட்ட இடம் கிடைக்கும். இரவில் நிம்மதியாகத் தூங்கலாம். அதெல்லாம் உண்மையான சுகம். ஆனால் ஒரு கொத்து கறிவேப்பிலை வேண்டுமென்றாலும் கார் சாவியைத் தேட வேண்டும். வளர்கிற ஊரில் கடை பிறகு வரும், பஸ் பிறகு வரும் என்பார்கள். நீங்கள் காத்திருக்கலாம். 72 வயதுக்காரரை எத்தனை வருஷம் காத்திருக்கச் சொல்வீர்கள்?

டோல் (பாலத்துக்கான சுங்கக் கட்டணம்) மிச்சமாகும் என்று கணவர் சொல்லியிருப்பார். பாலத்தில் தீவுக்கு வரும்போது மட்டும்தானே கட்டுகிறோம்? இப்போது சாயங்காலம் அவர் கட்டுகிற 7 ரிங்கிட்டை நாளைக்குக் காலையில் நீங்கள் கட்டுவீர்கள். 22 நாளைக்கு 154 ரிங்கிட், கட்டுகிற ஆள்தான் மாறுகிறது. நீங்கள் மோட்டார் சைக்கிளில் போவதானால் அந்தச் செலவு இல்லை. 2019 முதல் அதற்கு டோல் கிடையாது. நேரத்தைப் பொறுத்தவரை பயம் வேண்டாம், பாலம் இறங்குகிற பத்து மாவுங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் பக்கம்தான்.

என்னைக் கேட்டால், பத்து காவானிலேயே வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், அதே பெருநிலப் பக்கம் இருக்கிற நிபோங் தெபாலையும் பாருங்கள். அது பழைய ஊர். டவுனுக்குள் வீடு அமைந்தால் மார்க்கெட், கோயில், கிளினிக் எல்லாம் மாமியார் தன் காலால் போய்வரும் தூரத்தில் இருக்கும். கொமுட்டர் ரயில் நிற்கிற ஊர் என்பது எனக்கு இன்னும் பெரிய காரணம். ஏறி உட்கார்ந்தால் பட்டர்வொர்த். அங்கே ஸ்டேஷனை ஒட்டியே ஃபெர்ரி. அக்கரையில் இறங்கினால் லிட்டில் இந்தியா நடக்கிற தூரம். யாரையும் கெஞ்சாமல் பழைய சிநேகிதிகளைப் பார்த்துவிட்டு வரலாம். கணவருக்கு வேலை இடம் அப்போதும் பக்கம்தான். உங்கள் பயணம் கொஞ்சம் நீளும், அதை மறைக்க மாட்டேன்.

முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு வேலை. பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போய் ஐந்தாம் ஆண்டில் மகனுக்கு இடம் உண்டா என்று கேளுங்கள். அந்த வட்டாரத்தில் தாழ்வான இடங்கள் உண்டு. அதனால் 2017 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். விற்கிறவர் சொல்வது போதாது.

மாமியாருக்குப் புரியவைக்க வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று எந்த ஊரும் கலகலப்பாகத்தான் இருக்கும். லீவு போட்டு ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போங்கள். பார்க்கிற வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து கோயிலுக்கும் கடைக்கும் அவரையே முன்னால் நடக்கவிட்டு நீங்கள் பின்னால் போங்கள். எந்த வீடு என்று அவர் வாயாலேயே வரட்டும்.